பேரை மட்டும் மாத்தலாமா

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க வீட்டுல சொல்வாங்க. ஆனா இந்த ஒரு மாசமா டி.வி.யில பேசறவங்க வாய்க்கு முன்னாடி இந்த அனுசுயா வாய் எம்மாத்திரம். தினம் சாயங்காலம் நாலு கட்டத்துல நாலு தலை. ஒருத்தர் மனநோய்ங்கறார். ஒரு அம்மா பொம்பளைங்க மேல உள்ள வெறுப்புங்கறாங்க. இன்னொருத்தர் எல்லாத்துக்கும் செல்போன்தான் காரணங்கறார். நடுவுல எங்க தம்பி பூவரசன் போட்டோ. திருவெள்ளறை கோயில்ல நான் எடுத்த போட்டோ அது, யார் கொடுத்தாங்களோ. முதல் ரெண்டு நாள் அழுகை வந்துச்சு, அப்புறம் அதுவும் வரல. இப்பல்லாம் சவுண்டைக் குறைச்சுட்டு சாப்பிடுறேன்.

துவாக்குடியில ஒரு லேத் பட்டறையில வேலை அவனுக்கு. வயசு இருபத்தாறு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில அரிவாளோட பஸ் ஸ்டாப்புக்குப் போனான். வேலைக்குப் போக நின்ன பொண்ணுங்கள்ல நாலு பேர் செத்துட்டாங்க. ஒருத்தி இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கா. எதிர்த்தாப்ல இருந்த டீக்கடைக்காரர் தடுக்க ஓடி வந்தப்ப, "நீங்க ஒதுங்கிக்கங்கண்ணே, உங்களுக்கில்ல"ன்னு சொல்லியிருக்கான். கையில அரிவாளை வச்சுக்கிட்டு அவ்வளவு மரியாதை.

நான் ஸ்ரீரங்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்புல பதினோரு வருஷமா நிக்கிறேன். மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க பதினஞ்சு பேராவது மாசாமாசம் வருவாங்க. சீட்டை நாலா மடிச்சு, பக்கத்துல ஆளில்லாத நேரமா பார்த்து நீட்டுவாங்க. நஸ்ருல்லா பாய் இருபது வருஷமா சாப்பிடறார், ஈ எறும்புக்குக்கூட கெடுதல் நினைக்காத மனுஷன். இந்த மாசம் அவர் வரல, மருமக கமர் ஜஹான் வந்து வாங்கிட்டுப் போச்சு. தெருவுல எல்லாரும் மாமாவை ஒரு மாதிரி பாக்கறாங்கக்கான்னு சொல்லுச்சு. எவனோ வெட்டுனதுக்கு இவர் என்னத்துக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கணும்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த எவனோ என் தம்பிங்கறதும் ஞாபகம் வந்துச்சு. பில் போட்டுக் கொடுத்தேன்.

போன ஞாயித்துக்கிழமை வக்கீல் ஜெயக்குமார் வீட்டுக்கு வந்தார். தம்பி கேஸை எடுத்திருக்கறவர், நல்ல மனுஷன்தான். மறுநாள் நான் துவாக்குடி ஸ்டேஷன்ல வாக்குமூலம் கொடுக்கணும், அதுக்குத்தான் வந்தார். புத்தி சரியா இருக்கறவன் இப்படிப் பண்ணுவானாம்மான்னு கேட்டார். முன்னாடியே வைத்தியம் பார்த்ததுக்கு ஏதாவது அத்தாட்சி இருந்து, அக்காக்காரி நானும் அப்படியே சொன்னா, தூக்குலேர்ந்து தப்பிக்க வழி இருக்குன்னார்.

அம்மா சட்டுனு எந்திரிச்சுப் போய் பீரோவுலேர்ந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துட்டு வந்துச்சு. உள்ள ஒரு சீட்டு. மனசு சரியில்லாதவங்களைக் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தங்க வைக்கறது எங்க பக்கத்து வழக்கம். அங்க தங்குன சீட்டு அது.

"பேரை மட்டும் மாத்திக்கலாங்களா?"ன்னு அம்மா கேட்டுச்சு.

வக்கீல் சீட்டைப் படிச்சுட்டு என்னைப் பார்த்தார். அதுல இருந்தது என் பேரு.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவன் என் வலது கையை முறிச்சான். கடைக்கு வந்த ஒருத்தர்கிட்ட நான் சிரிச்சுப் பேசினதைப் பார்த்துட்டானாம். பொட்டச்சிங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு வெட்டணும்னு சொல்லிக்கிட்டே முறிச்சான். இவன் ஒருநாள் எவளையாவது கொல்லுவான்னு அம்மாகிட்ட சொன்னேன். படியில விழுந்துட்டு புள்ளை மேல பழி போடறாள்னு பேச்சாச்சு. நான் கத்தினேன், தட்டைத் தூக்கி எறிஞ்சேன். கத்தினதுக்குப் பேய் புடிச்சிருக்குன்னாங்க, எறிஞ்சதுக்குப் பைத்தியம்னாங்க. மாவுக்கட்டோட கூட்டிட்டுப் போயி விட்டாங்க. கோயில்ல இருந்தவங்களை ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமையானா பூவரசன் வாழைப்பழத்தோட வருவான். எங்கக்காவுக்கு முடியலங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்வான். பழத்தை உரிச்சு ஊட்டி விடுவான், நானும் தின்னேன்.

இதையெல்லாம் வக்கீல்கிட்ட மளிகைச் சாமான் லிஸ்ட் சொல்ற மாதிரி சொல்லி முடிச்சேன். எனக்குக் கோபம் வரும்னு பார்த்தேன், வரல.

அவர், வெறுப்பும் இருக்கலாம், நோயும் இருக்கலாமேம்மான்னார். இருக்கலாம் சார், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நான் பட்டதை மட்டும்தான் சொல்லுவேன்னேன். இதைச் சொன்னா பல வருஷமா மனசுல வச்சிருந்து பண்ணான்னு ஆயிடும், கயிறுதான்னார். அது எனக்கும் தெரியும். அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். அவன் சாகணும்னு ஒருநாளும் நினைச்சதில்ல, இப்பவும் நினைக்கல. அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல.

அம்மா அழல. என்னைப் பார்க்கவும் இல்ல. வக்கீல் பக்கம் திரும்பி மெதுவா சொல்லுச்சு.

"அவ சொல்றதை எழுதிடாதீங்க தம்பி. அவளுக்கு அப்பவே புத்தி சரியில்ல. சீட்டுல இருக்கு பாருங்க."

வக்கீல் சீட்டைத் திருப்பித் தரல. மடிச்சு ஃபைல்ல வச்சுக்கிட்டார்.

திங்கக்கிழமை காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துவாக்குடி பஸ் ஏறினேன். ஸ்டேஷன்ல ஒரு லேடி எஸ்.ஐ. எழுதிக்கிட்டாங்க. குணசீலத்துல நாற்பத்தெட்டு நாள் இருந்ததை நானே முதல்ல சொல்லிட்டேன். அப்புறம் கை முறிஞ்ச தேதி, கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி, அவன் சொன்ன வார்த்தை. எல்லாம் எழுதி முடிச்சுட்டு அந்தம்மா பேனாவை நிறுத்தினாங்க.

"அப்பவே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேங்க"ன்னேன். "எங்கம்மாகிட்ட. பேரு ரெங்கம்மாள்."