ஞாயிறு ஓடும் குதிரை

தங்கை ஜோஸியின் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது. அதை மறைக்கச் சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் பெர்னி. பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில், ஃபின்டன் ரோச்சின் குரல் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை மூணு குதிரை ஓட்டறேன். மூணும் தடை தாண்டற பந்தயந்தான். பெரிசு கொஞ்சம் சோம்பேறி, நாலாவதா வந்தாலே சந்தோஷம். சின்னது சேத்துல நல்லா ஓடும், மழை பெஞ்சா பார்க்கலாம். ஆனா நம்பிக் காசு கட்டணும்னா டாஃபடில் லேன் மேல கட்டுங்க."

பெர்னியின் விரல்கள் நின்றன.

டாஃபடில் லேன்தான் ஜோஸியைக் கீழே தள்ளி அவள்மேலேயே உருண்ட குதிரை. சவப்பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை.

பள்ளிப் படிப்பை விட்ட நாளிலிருந்து, பிறர் குதிரைகளைப் பந்தயத்துக்குப் பழக்கும் ரோச்சின் லாயத்தில்தான் ஜோஸிக்கு வேலை. பந்தய நாளில் ஜாக்கிகள் வந்து ஏறுவார்கள், ஜெயிப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் மழையிலும் பனியிலும் அந்தக் குதிரைகளைத் தடை தாண்டப் பழக்கியது அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காவோடு இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றபடி, "பனியில தரை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு பெர்னி. இன்னைக்குத் தாண்ட விடமாட்டாரு. சீக்கிரம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெர்னி சமையலறைக்குள் நுழைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ரொட்டிக்கு நடுவே பன்றி இறைச்சி வைத்து வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, விலையுயர்ந்த கம்பளிக் கோட்டோடு ரோச் நின்றிருந்தார். எதிரே டாஃபடில் லேனின் சொந்தக்காரர்கள், டப்ளினிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும். லாயத்துச் சவாரிக்காரன் டெக்லன் சன்னலோரமாக ஒதுங்கியிருந்தான்.

"விழுந்ததுல குதிரைக்கு ஒண்ணும்..." என்று அண்ணன்காரர் இழுத்தார்.

"ஒரு கீறல் கிடையாது." ரோச் குரலைத் தாழ்த்தினார். "பாவம், ஜோஸிதான் கேக்கலை. தரை சரியில்ல, வேணாம்னேன். ஒரே ஒரு தடவை தாண்ட வச்சுடறேன்னு அடம் பிடிச்சா. அந்தக் குதிரைமேல அவளுக்கு அவ்வளவு பாசம்."

பெர்னியைக் கண்டதும் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "பெர்னி! உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தி எனக்கு இனிமே கிடைக்கமாட்டா."

"அவளா கேட்டாளா?"

"என்னது?"

"தாண்டணும்னு. அவளா கேட்டாளா?"

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்..."

"என் அடுப்புல குளிர் காயறீங்க, என் டீயைக் குடிக்கறீங்க, செத்தவ தலையிலயே பழியையும் போடறீங்க. எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லமாட்டாங்கற தைரியம், இல்ல?"

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பெர்னியின் பார்வை, அன்றைக்கு லாயத்தில் இருந்த டெக்லன்மேல் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் உள்ளவன். குடியிருப்பதும் ரோச் கொடுத்த வீட்டில். அவனை இழுத்துவிடக் கூடாது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ வேணாம்னுதான் சொன்னா, முதலாளி."

எல்லோரும் திரும்பினார்கள். டெக்லன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மறுபடி மறுபடி சொன்னா. குதிரையோட சொந்தக்காரங்க அது தாண்டற வீடியோ கேக்கறாங்க, உன்னால முடியாட்டி வேற ஆளை ஏத்தறேன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

தம்பிக்காரர் கோப்பையை மேசைமேல் வைத்தார். "அவசரம்னு நாங்க சொல்லவே இல்லியே..." என்றார்.

"நாளைக்குக் காலையில லாயத்துல பேசிக்கலாம், டெக்லன்" என்றார் ரோச்.

"நாளைக்கு நான் வரலை."

பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். பெட்டியை மூடினார்கள். வாசலில் ஊரே திரண்டிருந்தது. தூக்குகிறவர்கள் வரிசையாக நின்றபோது, ரோச் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார்.

"தள்ளுங்க" என்றாள் பெர்னி.

"உங்களுக்குக் கனம் தாங்காது. ஊரு பாக்குது, பெர்னி."

"பாக்கட்டும். என் தங்கச்சிமேல கை வைக்காதீங்க."

அவர் விலகவில்லை. அவள் அவருக்கும் பெட்டிக்கும் நடுவே புகுந்து தோளைக் கொடுத்தாள். எதிர்ப்பக்கம் டெக்லன் வந்து நின்று, பெட்டிக்கு அடியில் கையை நீட்டி அவள் தோளைப் பற்றிக்கொண்டான். பெட்டி எழும்பியது. ரோச் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை டாஃபடில் லேன் ஓடியது. ஜெயித்தது. ஜோஸிக்காகத்தான் இந்த வெற்றி என்று ரோச் தழுதழுத்த குரலில் வானொலியில் சொன்னார். பெர்னி அதைப் பட்டென்று அணைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள்.

கொடியில் ஜோஸியின் சவாரிக் கால்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அவளே துவைத்துப் போட்டது. பனியில் பலகைபோல விறைத்து, முழங்கால் இரண்டும் லேசாக வளைந்தபடி இருந்தது. பெர்னி மடிக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்து, அடுப்புக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் சாய்த்து வைத்தாள். பிறகு அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போட்டாள்.