தவளைப் பாடம்

...செருப்பைக் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் விடச் சொன்னதுகூடப் பரவாயில்லை, தூசி ஆகாதாம், விட்டாயிற்று, ஆனால் என் பிள்ளைகள், என் நாலாம் வகுப்பு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறார்களே, அதுதான்... வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் என்றால் காலையிலிருந்தே அவர்களுக்குக் கால் தரையில் நிற்பதில்லை. நான் பின்சுவரோரம், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்து நாற்காலியில். வகுப்பு டீச்சரும் கூடவே உட்கார வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அல்போன்சா மேடத்தின் உத்தரவு. பார்த்துக் கத்துக்குங்க பாமா, வர்ற வருஷம் எல்லாரும் இப்படித்தான் எடுக்கணும் என்றார். எண்பத்து மூன்றில் இந்த ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள் நான், பதினெட்டு வருஷம், இனிமேல் யாரிடம் கற்றுக்கொள்ள, போன ஜூனில் வந்த கம்ப்யூட்டர் டீச்சர் சங்கமித்ராவிடமா? இருபத்து நாலு வயசு, பக்கத்துத் தெருக்காரி, இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், நல்லவேளை என் வகுப்பில் இல்லை... அது ஏன் நல்லவேளை?

ஏதோ கம்பெனி வேண்டாம் என்று கொடுத்த நாலு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பிள்ளைகள், தோளோடு தோள். திரையில் தவளை. ஒரே தவளையை வைத்துக்கொண்டு அவள் எல்லாப் பாடத்தையும் எடுக்கிறாள். முட்டைகளை எண்ணுங்க, ஒரு வரிசைல பன்னெண்டு, அஞ்சு வரிசை, எத்தனை என்கிறாள், அது கணக்கு. கன்னடத்துல தவளைக்கு என்ன பேரு என்றதும் வகுப்பே கப்பெ, கப்பெ என்று கத்துகிறது, அது கன்னடம். என் வகுப்பில் இப்படிக் கத்தினால் அல்போன்சா மேடம் வராந்தாவில் வந்து நிற்பார், இங்கே கத்தினால் அது ஆர்வம். நானும் தவளை நடத்தினேன், ஆகஸ்டில், சார்ட் வரைந்து, அல்சூர் ஏரியிலிருந்து பாட்டிலில் தலைப்பிரட்டை கொண்டுவந்து காட்டி... யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இவள் மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் முட்டை உடைந்து தலைப்பிரட்டை நீந்துகிறது, கால் முளைக்கிறது. நான் வரைந்தது நீந்தவில்லை, அவ்வளவுதான்.

"மிஸ், வால் எங்க போச்சு?"

யார்? எனக்குப் பழக்கமில்லாத குரல், கொஞ்சம் கரகரப்பு. இரண்டாவது கம்ப்யூட்டரில் எழுந்து நிற்பது குமுதா. ஆனேக்கலிலிருந்து ஜூனில் வந்து சேர்ந்தாளே, அம்மா போன பிறகு அத்தை வீட்டுக்கு வந்தவள், எட்டு மாதமாக என் வகுப்பில் வாயைத் திறக்காத குமுதா. அட்டெண்டன்ஸுக்குக் கையைத் தூக்குவாள், கேட்டால் எழுதிக் காட்டுவாள். நான் எவ்வளவு செய்திருக்கிறேன், முன்பெஞ்சில் உட்காரவைத்தேன், அவள் அத்தை வீட்டுக்கு இரண்டு தடவை போனேன், பேசுவா மிஸ், டைம் ஆகும் என்று அத்தை சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். ஒரு நாள் பேசுவாள், என்னிடம்தான் முதலில் பேசுவாள், என்ன சொல்வாள் என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன்... இப்போது பேசிவிட்டாள், ஒரு பெட்டியைப் பார்த்து. சந்தோஷம்தானே படவேண்டும்? கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனால் இது சந்தோஷம் இல்லை, எனக்குத் தெரியாதா. சங்கமித்ரா ஓடிப்போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லும்மா என்கிறாள், குமுதாவும் சொல்கிறாள், இந்தத் தடவை இன்னும் சத்தமாக. என் கை சுவரில் எங்கோ ஊர்ந்தது, பெரிய கறுப்பு ஸ்விட்ச், கம்ப்யூட்டர்களுக்கானது, அழுத்தினேன். நான்தான். நாலு திரையும் ஒரே நேரத்தில் இருண்டன.

ஐயோ கரெண்ட் என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். வாடி, இப்போது என்ன செய்வாய் பார்க்கலாம், பெட்டி இல்லாமல் நீ யார்... சங்கமித்ரா அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "கரெண்ட் வர்றப்போ வரட்டும். குமுதா நல்ல கேள்வி கேட்டிருக்கா, யாருக்காவது தெரியுமா?" வால் விழுந்துடும் மிஸ் என்கிறான் ஒருவன், மீன் தின்னுடும் என்கிறாள் இன்னொருத்தி, எல்லாரும் நகர்ந்து நகர்ந்து அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள், ஒருத்தர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. பெட்டி இல்லாமலும் இப்படித்தானா? அப்படியென்றால் இத்தனை மாதம் நான் எதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்?

"நிஜமா எனக்குத் தெரியல" என்று சிரிக்கிறாள் அவள். "பாமா மிஸ்ஸுக்குத் தெரியும், அவங்ககிட்ட கேப்போம். மிஸ், நீங்க சொல்லுங்க."

முப்பத்திரண்டு முகங்கள் என் பக்கம் திரும்புகின்றன. "வால் விழறதில்ல. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும். அந்த நேரத்துல அதுக்கு வாய் மாறிட்டிருக்கும், எதையும் சாப்பிட முடியாது. வால்தான் அப்போ அதுக்குச் சாப்பாடு." ஓ என்கிறார்கள், சங்கமித்ராவும் கூடவே, அவள் கண்ணில் பொய் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. குமுதா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் பார்வை மெதுவாகச் சுவருக்கு இறங்குகிறது, கறுப்பு ஸ்விட்சுக்கு, அதன்மேல் இன்னும் நான் எடுக்காமல் வைத்திருக்கிற கைக்கு. உதடு பிரிகிறது. எட்டு மாதம் எந்தக் குரலுக்காகக் காத்திருந்தேனோ, அது இப்போது வந்துவிடக் கூடாதே என்று... பேசாதே குமுதா, இந்த ஒரு தடவை பேசாமல் இரு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.