கூரையில் விழுந்த படம்

எண்ணூரில் கிரேனிலிருந்து விழுந்து முதுகொடிந்த எலக்ட்ரீஷியன் அறிவு, மூன்று மாதமாகக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பேச்சும் குறைந்துவிட்டது. அவன் படுத்தபடியே படம் பார்க்கட்டுமென்று, புரொஜெக்டர் பழுது பார்க்கும் அவன் மனைவி மாயா, பழைய புரொஜெக்டர் ஒன்றின் விளக்கையும் லென்ஸையும், படத்தை உருவாக்கும் நுண்கண்ணாடி போர்டையும் கொண்டுவந்தாள். போன் வீடியோவை அந்த போர்டுக்கு ஏற்றபடி மாற்றித்தர ஒரு சிப் வேண்டும். அவசரத்தில் அவள் வாங்கியது பொருந்தவில்லை. மாயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவாத. கடைக்காரன் சிப்பு லிஸ்ட்டு போன்ல கீதுல்ல? குடு," என்றான் அறிவு.

போனை முகத்துக்கு மேலே பிடித்து இரண்டு நாள் படித்தான்.

"மாயா, உன் போர்டு இருபத்துநாலு ஒயர்ல வீடியோ கேக்குது. நீ வாங்குன சிப்பு நாலே ஜோடி ஒயர்ல அனுப்புது. தோ, இத்த வாங்கு."

அவன் சொன்ன சிப்பைப் பொருத்தியதும் கூரையில் படம் விழுந்தது. மாயா கைதட்டினாள்.

"கலர் டல்லா கீதே," என்றான் அறிவு. "போன இப்டி குடு, பாக்குறேன்."