வலச்செவிப் பக்கம்

மேலைக் குன்றின் தோளில் சாய்ந்த கதிரவன், பகலெல்லாம் சுட்டெரித்த தன் வெம்மைக்கு நாணியவன்போல் செவ்வொளியைக் கூரைகளின்மேல் மெல்லப் பரப்பிக்கொண்டிருக்க, ஆற்றின் இரு கரையிலும் நெருக்கியடித்து வளர்ந்த அந்நகரம், வேலை முடித்த உடல் பெருமூச்செறிவதுபோல் ஆலைப் புகைக்கூண்டுகளின் வழியே அன்றைய கடைசிப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் விளக்கேற்றி வரிசைகட்டின. தொடர்வண்டி நிலையத்திலிருந்து வெளிப்பட்ட மக்கள்திரள், மடை திறந்த நீர்போல் முதலில் ஒன்றாய்ப் புரண்டு, பின் தெருத்தெருவாய்க் கிளை பிரிந்து, முடிவில் ஒவ்வொரு வாயிலிலும் ஒருவராய்ச் சொட்டி மறைந்தது. வீடு திரும்புவோருக்கெல்லாம் இனிதாகிய அந்த அந்திப்பொழுதில், ஆற்றங்கரைத் தெருவின் நடுவே, மாடியில்லாத பழைய வீடொன்றின் முன்கூடத்தில், சினம் தலைக்கேறுவதற்குச் சற்று முன்பான அமைதியோடு ஒரு முதியவர் தம் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தெரு அவரைப் பீரங்கிக்காரர் என்று அழைத்தது. படையில் அவர் ஏற்றிருந்த பணிக்கு வைத்த பெயர் அது; ஆயினும் அவர் வாயிலிருந்து சொற்கள் புறப்படும் வகையைக் கண்ட பிற்காலத்தார், பெயர் குரலுக்கு வைத்ததென்றே நம்பினர். படையினின்று ஓய்வுபெற்று நெடுங்காலமாகியும் ஓய்வு என்னும் சொல்லை அவர் தம் வீட்டு வாயிலுக்குள் விட்டாரில்லை. காலையில் முச்சந்தியில் ஊதுகுழலும் சிவப்புக் கொடியுமாய் நின்று, பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவார். நண்பகலில் முன்னாள் படையினர் மன்றத்தில் அமர்ந்து, கணவரை இழந்த பெண்டிர்க்காக அலுவலகந்தோறும் தொலைபேசியில் சண்டையிடுவார். மாலையில் திடலில் ஓட்டக்காரர்களை விரட்டுவார். தம்மோடு போரிட்ட எவரேனும் இறந்தால், அந்த இறுதி ஊர்வலத்தின் முன்னே நிமிர்ந்து நடந்து கட்டளை கொடுப்பவரும் அவரே. அவரில்லாமல் நகரம் ஒரு நாளும் விடிவதில்லை என்று தெருவார் நகைத்துச் சொல்வர். அவரோ அதை நகைப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

படிப்போரே, அவருடைய இடச்செவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பீரங்கியின் வலப்புறம் நின்று குண்டேந்திக் கொடுப்பவனுக்கு இடச்செவி குழலின் பக்கமாக அமையும். இரு கையிலும் குண்டை ஏந்தியவன் செவியைப் பொத்திக்கொள்வதற்கு மூன்றாம் கை வேண்டும். போர் முடிந்தபோது அவருக்கு நெஞ்சில் ஒரு பதக்கமும் இடச்செவியில் என்றும் நீங்காத அமைதியும் கிடைத்தன. பதக்கம் கூடத்துக் கண்ணாடிப் பேழைக்குள் போயிற்று. அமைதியோ குடும்பத்தின் வழக்கமாயிற்று. பேழைக்கு எதிரே அவருடைய நாற்காலி. அதன் இருமருங்கும் இரு முக்காலிகள். வலப்புறத்து முக்காலியிலேயே எவரும் அமர்வர். புதிதாய் வருவோரிடம் பிள்ளைகள், "அப்பாவுக்கு வலது பக்கம் உக்காருங்க" என்று வணக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுவர். இடப்புறத்து முக்காலியில் ஊதுகுழலும் கொடியுமே குடியிருந்தன.

ஆயின் பிள்ளைகள் அறியாத ஒன்றுண்டு. முழக்கத்தின் நடுவே கட்டளை காதுக்கு எட்டாது. தலைவனின் உதட்டைப் பார்த்தே அறியவேண்டும். அவ்வாறு பயின்ற கண்கள் வீடு திரும்பிய பின்னும் அக்கலையை மறக்கவில்லை. இடப்புறம் சுவரென்று நம்பிய பிள்ளைகள், சிறுவயது முதலே அங்கே நின்றுதான் தங்கள் மறைவுகளைப் பேசினர்: உடைந்த சாளரம், தோற்ற தேர்வு, அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்து வைத்த சட்டை. எதிரேயிருந்த பேழையின் கண்ணாடியில் அவ்வளவும் அவருக்கு வெளிச்சம். சொல்லிவிட்டால் அவ்வின்பம் போய்விடுமே என்று சொல்லாதிருந்தார். அறிந்தவள் மனைவி ஒருத்தியே. உறவினர் நிறைந்த கூட்டத்தில், கூடத்தின் அக்கோடியிலிருந்து ஒலியின்றி உதடசைத்து, "போதும் உங்க வீரக்கதை, சாப்பிட வாங்க" என்பாள். நூறு பேர் நடுவே இருவருக்கு மட்டுமான அவ்வுரையாடலைப்போல் இனியது அவர் வாழ்வில் பிறிதில்லை.

அம்மனைவியின் நினைவு இப்போது மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. கரையோரத்து மண் ஒவ்வோர் அலைக்கும் சிறிது சிறிதாய் ஆற்றுக்குள் இறங்குவதுபோல், முதலில் நாள்கள் போயின, பின் பொருள்களின் பெயர்கள் போயின, பின் மனிதர்கள்.

அன்று மாலை, காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குள் மூவர் தெரிந்தனர். அடுக்களை வாயிலில் நில அளவையாளனாகிய மகன்; அவன் மனைவி; வேற்றூரில் மருந்துக்கடை நடத்தி, தாயைக் காண வந்திருந்த மகள்.

"வியாழக்கிழமை வண்டி வருது. அப்பா காலையில விசிலோட கிளம்பினதும் அம்மாவை ஏத்திடலாம்," என்றன மகனின் உதடுகள். "முதியோர் இல்லம்னாலும் நல்ல இடம்தான். நர்ஸ் எப்பவும் கூடவே இருப்பாங்க."

"அப்பா வந்து கேட்டா?" என்றாள் மகள்.

"ரெண்டு நாள் குதிப்பார். அப்புறம் சங்கம் இருக்கு, மைதானம் இருக்கு. அவருக்கா வேலைக்குப் பஞ்சம்?"

"மெதுவாப் பேசுங்க," என்று மருமகள் கூடத்து நாற்காலியை நோக்கினாள்.

"அட, இந்தப் பக்கம் பீரங்கியே வெடிச்சாலும் அவருக்குக் கேக்காது."

பீரங்கிக்காரரின் கையிலிருந்த காலுறை ஒரு கயிறாய் முறுக்கேறியது. நெஞ்சுக்குள் எழுந்தது துயரம் அன்று. துயரம் பிறகு வரும், அதற்கு அவசரமில்லை. எழுந்தது சினம், உலையின் மூடியைத் திறந்ததும் முகத்திலறையும் அனல்போல், கண்ணையும் மூச்சையும் ஒருங்கே அடைக்கும் சினம். பிறந்தநாள் சட்டையை ஒளித்துப் பேசிய அதே மூலையில், அதே வாய்கள், இன்று தாயை ஒளித்துப் பேசின.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

"வியாழக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வருது?"

அடுக்களை வாயிலில் மூன்று முகங்களும் ஓவியமாயின. மகனே முதலில் வாய் திறந்தான். "அப்பா... யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான்டா சொன்னே. காது செத்தா கண்ணும் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? நீ மூணாம் வகுப்புல ஜன்னலை உடைச்சதுலேருந்து எல்லாம் இந்தக் கண்ணாடியில பாத்துட்டுதான் இருக்கேன்."

"அடக் கடவுளே," என்றாள் மகள். "அப்போ என் காலேஜ் விஷயம்கூட..."

"அதுவும்தான். அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. ஏன்னா நீங்க மறைச்சதெல்லாம் பிள்ளைங்க மறைக்கிற விஷயம். இது?" குரல் கூரையில் மோதிற்று. "நான் இல்லாத நேரமாப் பாத்து, பெத்தவளை மூட்டை கட்டி அனுப்ப நாள் குறிக்கிறீங்க! எதிரிகூட என் முதுகுப் பக்கமா வந்ததில்லடா!"

"மூட்டை கட்டியா?" மகனின் முகமும் சிவந்தது. தந்தையின் சினம் அவனுக்கும் பரம்பரைச் சொத்தாய்க் கிடைத்திருந்தது. "போன வாரம் அம்மா அடுப்பைத் திறந்து விட்டுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. வீடே எரிஞ்சிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இப்படித்தானே கத்துவீங்க!"

மகள் முன்னே வந்தாள். அவள் குரல் உயரவில்லை; ஆகையால் ஆழமாய் இறங்கிற்று. "ஊர்ப் பிள்ளைங்க ரோட்டைத் தாண்ட நீங்க இருக்கீங்கப்பா. அம்மா வாசலைத் தாண்டினா யாரு இருக்கா? பாலம் வரைக்கும் செருப்பில்லாம நடந்துபோயிருக்காங்க. பேக்கரிக்காரர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். அப்போ நீங்க ரெண்டு தெரு தள்ளி விசில் அடிச்சிட்டு இருந்தீங்க."

மருமகள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஏதுமில்லாத பின்னும் துடைத்தாள். "மாமா, அத்தையை நான் வேண்டாம்னு சொல்லல. தையல் கம்பெனி வேலையை விட்டுட்டுத்தான் பாத்துக்கிறேன். குளிப்பாட்டப் போனா அடிக்கிறாங்க. திருடின்னு சொல்றாங்க. அடிக்கட்டும், பரவாயில்ல. சாயங்காலம் நீங்க வந்து, 'இன்னிக்கு எப்படி இருந்தா?'ன்னு செருப்பைக் கழட்டிக்கிட்டே கேக்கிறீங்களே, அதுக்குத்தான் மாமா என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

பொய்க்கு எழும் சினம் விரைவில் அடங்கும். மெய்க்கு எழும் சினத்துக்கோ அடங்குமிடம் இல்லை. தாம் ஏன் முச்சந்திக்கு ஓடுகிறார் என்பதை அவர் உள்ளம் அறிந்தே இருந்தது. அங்கே ஒவ்வொரு குழந்தையும் அவரை அறியும். ஒவ்வோர் ஓட்டுநரும் கையசைப்பார். வீட்டிலோ, தம் வாழ்வு முழுவதையும் அறிந்தவள் காலைதோறும் அவர் முகத்தை, மங்கிப்போன அறிவிப்புப் பலகையைப் படிப்பவள்போல் கண்சுருக்கிப் பார்த்தாள். பகைவர் முன் ஒருநாளும் பின்வாங்காத கால்கள், அந்தப் பார்வையின் முன் ஒவ்வொரு காலையும் பின்வாங்கின. அதைப் பிள்ளைகள் கண்டுகொண்டனர் என்பதே பொறுக்கவில்லை. பொறுக்காதவர் இன்னும் உரக்கக் கத்தினார்.

"அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு யாருடா சொன்னது? என் பேர் மறந்திருக்கலாம். எந்தக் காதுன்னு மறக்கலை! இன்னிக்கும் வலது பக்கம் வந்துதான் உக்காருறா. அது தெரியற வரைக்கும் அவ இந்த வீட்டுக்காரி. எந்த வண்டியும் வரக்கூடாது!"

அக்குரல் கேட்டோ, அன்றி மாலை மங்கியதாலோ, உள்ளறைக் கதவு திறந்தது. தலையணையுறை ஒன்றை நெஞ்சோடணைத்தவளாய் அவள் வந்தாள். நரைத்த கூந்தலை மருமகள் ஒழுங்காய்ப் பின்னி விட்டிருந்தாள். நடையில் பழைய மிடுக்கின் நிழல் இன்னும் இருந்தது. கூடத்தை ஒருமுறை சுற்றி நோக்கியவள், நாற்காலியை நெருங்கி, வலப்புறத்து முக்காலியைக் கண்டாள், அதைக் கடந்தாள். இடப்புறத்து முக்காலியிலிருந்த கொடியை மடித்துத் தரையில் வைத்து, ஊதுகுழலை மடியிலிட்டுக்கொண்டு, அங்கேயே அமர்ந்தாள். பிறகு அவருடைய செத்த செவியருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

அவருக்குக் கேட்கவில்லை. கேட்டவர் மற்ற மூவர். கண்ணாடிக்குள், மகள் வாயைப் பொத்திக்கொள்வதும் மகன் தலைகவிழ்வதும் தெரிந்தன. மனைவியின் உதடுகளோ தலையணையுறையின் பின்னே மறைந்திருந்தன.

நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் நெரித்தன. தோற்றாயிற்று, அதுவும் மகன் கண்முன்னே, தாமே எடுத்த படைக்கலத்தால் தோற்றாயிற்று. யாரை நோவது? வெறும் காற்றின்மேல் எறியவும் முடியாத சினம் அவருள் நின்று அதிர்ந்தது. என்ன சொன்னாள் என்று பிள்ளைகளை அவர் கேட்கவில்லை. எழுந்தார். இத்தனை ஆண்டும் ஓர் அங்குலம் நகராத அந்தக் கனத்த நாற்காலியை இரு கைகளாலும் தூக்கி, மகன் உதவ வந்தபோது "தள்ளு" என்று உறுமி, முன்பின்னாய்த் திருப்பி வைத்தார். பேழையும் அதிலுள்ள பதக்கமும் முதுகுக்குப் பின்னே போயின. இப்போது அவள் அவருடைய வலப்புறத்தில் இருந்தாள்.

"இப்ப சொல்லும்மா. திரும்பச் சொல்லு."

அவள் அந்நியர்க்குரிய மரியாதையோடு அவரை நோக்கிச் சொன்னாள்: "ஒண்ணுமில்லைங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். அவருக்கு மட்டும் வலது பக்கம் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்க. இடது காது கேக்காது. வெளியில சொல்லிக்க மாட்டார், ரொம்பக் கோவக்காரர்."

அவர் தம் வலச்செவியை அவள் பக்கம் இன்னும் சற்றுச் சாய்த்தார்.

"சொல்றேன்," என்றார் அவர். "வந்தா சொல்றேன்."

பின், அவள் மடியிலிருந்த ஊதுகுழலை எடுத்து மகனிடம் நீட்டினார். "நாளைக்கு முச்சந்தியில நீ நில்லு."

"அப்பா, எனக்கு ஆபீஸ் இருக்கே..."

"எனக்கும் வேலை இருக்குடா!" என்று அவர் முழங்கினார். "மாமா குளிப்பாட்டக் கத்துக்கிறார்னு உன் பொண்டாட்டி கம்பெனியில போய்ச் சொல்லட்டும். வியாழக்கிழமை வண்டி வந்துச்சுன்னா, சிவப்புக் கொடி இங்கதான் இருக்கு. நானே நிறுத்துறேன்."

மகன் ஊதுகுழலை வாங்கிக்கொண்டான். மருமகள் கூடத்து விளக்கை ஏற்றிவிட்டு, வெறுமையாய்க் கிடந்த மற்ற முக்காலியை ஓசையின்றி அடுக்களைக்கு எடுத்துச் சென்றாள்.

வெளியே குன்றின் பின் கடைசிச் செம்மையும் அவிந்து, ஆற்றின் கருநீரில் பாலத்து விளக்குகள் நடுங்கின. பீரங்கிக்காரரின் சினம் அவிந்ததென்று எண்ணவேண்டா. ஊழின்மேலும் பிள்ளைகளின்மேலும் எல்லாரினும் மிகுதியாய்த் தம்மேலும் அது கனன்றபடியே இருந்தது. இத்தனை ஆண்டும் அவருக்காகச் சுற்றிவந்து வலப்புறம் அமர்ந்தவள் அவள். நாற்காலிக்கும் திரும்பத் தெரியும் என்பது அன்றுதான் அவருக்குத் தோன்றிற்று. வாராத கணவனுக்காக அவள் வாயிலை நோக்கியிருந்தாள். அவளுக்கு நல்ல செவியைக் கொடுத்தபடி, அவளோடு சேர்ந்து, அவரும் காத்திருந்தார்.