செடூனாவில் நின்ற வண்டி

மெர்வினுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சுரங்கத் தூசி தின்ற நுரையீரல் இனித் தேறாது என்று மருத்துவர் சொன்ன மாதமே சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் இருந்த வீட்டை விற்றான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டியொன்றை வாங்கினான். அன்றிலிருந்து அவனும் மனைவி நெரிடாவும் சாலையில்தான். அவள் ஓட்டுவாள்; அவன் மூக்கில் குழாயோடு பக்கத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்துவான். ஓடும்போது சிலிண்டர் காற்று. நின்றால் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்.

இப்படிப்பட்ட வண்டிகள் வந்து தங்கும் செடூனா கடற்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது கையிலிருந்தது கடைசிச் சிலிண்டர், அதுவும் பாதி. வழியில் சிலிண்டர் மாற்றும் ஊரில் நிறுத்த அவன் விடவில்லை. வந்ததும் வராததுமாக, ரேடியோவில் கிரிக்கெட்டை அலறவிட்டிருந்த பக்கத்து வண்டி ஜோலீனிடம் அவனுக்குச் சண்டை வேறு.

மறுநாள் மதியம் வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. மெஷின் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. நெரிடா சட்டென்று குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டினாள்.

"லைட்டு எரியுதே?" என்றான் மெர்வின்.

"லைட்டு பேட்டரில எரியுது. பிளக் பாயிண்ட் ஒண்ணுலயும் கரண்ட் இல்ல."

"வெளிய கம்பத்தைப் பாரு. அங்கயே வரலையோ என்னமோ."

கதவைத் திறந்தால் ஜோலீன் நின்றுகொண்டிருந்தாள், கையில் கெட்டிலோடு. மெஷின் கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது. வண்டிகளுக்குக் கரண்ட் தரும் முகாமின் மின்கம்பத்துப் பிளக்கில் கெட்டிலைச் செருகினாள். தண்ணீர் முணுமுணுத்தது.

"கம்பம் நல்லாத்தான் இருக்கு. கம்பத்துலேர்ந்து வண்டிக்கு வர்ற உன் வயர் போயிருக்கும். இந்தா, என்னோடத மாட்டு."

மாட்டினார்கள். பலனில்லை. படுக்கைக்கு அடியில், கோளாறென்றால் தானே கரண்டை நிறுத்தும் டிரிப் சுவிட்ச் விழுந்து கிடந்தது. நெரிடா மேலே தள்ளினாள். டக்கென்று விழுந்தது.

"எல்லாத்தையும் கழட்டுடி. ஃபேன், டோஸ்டர், ஃபிரிட்ஜ், மெஷின்... ஒண்ணு விடாத," என்று மூச்சு வாங்கினான்.

எல்லாவற்றையும் கழற்றினாள். மறுபடி தள்ளினாள். மறுபடி டக்.

"அப்ப சாமான்ல கோளாறு இல்ல. சுவத்துக்குள்ள எங்கயோ இருக்கு. ஸ்குரூ டிரைவரை எடு, ஒவ்வொரு பாயிண்டாப் பிரிச்சுடலாம்," என்றான் மெர்வின்.

"ஒழுங்கா உக்காரு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்."

"அவன் வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"ஆஸ்பத்திரி இந்தா இருக்கு, அஞ்சு நிமிஷம்."

"உள்ள போனா வெளிய விடமாட்டாங்க, நெர். போகமாட்டேன்னா போகமாட்டேன்."

சொல்லிக்கொண்டே தரையில் மண்டியிட்டு முதல் பாயிண்டைத் தடவினான். உதடு நீலம் பாரித்தது. சிலிண்டரின் முள் சிவப்பை நெருங்கியிருந்தது. நெரிடா வாசலுக்கு வந்தாள். கடலைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், கம்பத்தடியில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்த கெட்டிலைப் பார்த்தாள்.

"ஜோலீன்! உங்கிட்ட நீட்டு வயர் இருக்கா? வீட்டு பிளக் மாட்டுற மாதிரி?"

"இருக்கே. எதுக்கு?"

"வண்டிக்குக் கரண்ட் வேண்டாம். மெஷினுக்கு வந்தாப் போதும்."

கம்பத்தில் ஒரு முனை, ஜன்னல் வழியே மறுமுனை. மெஷின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. மெர்வின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது. அந்தச் சின்ன விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்ற கோபமும் கூடவே திரும்பியது.

"கோளாறக் கண்டுபிடிக்கவே இல்லையே."

"நீ மூச்சு விடு முதல்ல. கோளாறு எங்கயும் ஓடிப்போகாது."

ஜோலீன் சிரித்தாள். "நேத்து என்னமாக் கத்தினாரு! அப்பவே மூச்சக் கொஞ்சம் சேத்து வச்சிருக்கலாம்."

அவன் முறைத்தான். பிறகு கேட்டான், "ஸ்கோர் என்ன?"

சாயங்காலம் வந்த எலெக்ட்ரீஷியன், வண்டியின் வெளிப்புறத்தில் நிழலுக்கு விரிக்கும் கூரைத்துணிக்குக் கீழிருந்த பாயிண்டைக் கழற்றினான். உள்ளே எறும்புகள் குடும்பம் குடும்பமாகக் கருகிக் கிடந்தன. சுவிட்ச் விழுந்ததற்கு அவைதான் காரணம். வேறொன்று மாட்டி, எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் போனான். நெரிடா ஊருக்குள் போய்ச் சிலிண்டர்களை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது மெர்வின் சொன்னான்:

"நின்னா செத்துருவேன்னு தோணுது, நெர். அதான் ஓடிக்கிட்டே இருக்கச் சொல்றேன்."

இத்தனை ஆயிரம் மைலில் அவன் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"எனக்கு முதுகு வலிக்குதுய்யா," என்றாள். "உன் பயத்தையும் சேத்து நாந்தானே ஓட்டிட்டு வர்றேன்."



காலையில் அவள் ஓட்டும் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. மேற்கா, கிழக்கா என்று அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. பக்கத்து வண்டியில் ஆட்டம் தொடங்கும் அறிவிப்பு கேட்டது.

"அணைச்சிடு," என்றான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே இருந்து பார்க்கலாம். அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

அவள் வண்டியை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் மதியத்துக்கு மீன் வாங்கி வந்தாள்.