கத்தி தின்ற ஓரம்

ஓவர்லொக் மெசினின் கத்தி துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே போக, பின்னாலேயே நூல் ஓடிவந்து ஓரம் பிரியாமல் கட்டியது. பள்ளிக்கூடம் திறக்கப்போகும் மாதம். பதுளை பஸாரில், துணிக்கடையின் மேல்மாடியில், நிரஞ்சலாவின் காலடியில் வெள்ளைப் பள்ளிக் கவுன் துண்டுகள் குவிந்து கிடந்தன.

அன்று திங்கட்கிழமை. எடுத்த எடுப்பிலேயே அவள் பார்த்துவிட்டாள். பெருவிரல் பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

முந்தின நாள் ஸ்பிரிங்வெளி தோட்டத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த கை அது. தேசிக்காயைப் பிழிந்து தோல் எரியத் தேய்த்தும், வியர்த்தால் கசிந்துவிடுகிறது. மாமியார் மாரியாயி மலையில் விழுந்து படுக்கையானதிலிருந்து, புருஷனும் இல்லாத அந்த வீட்டில் தோட்ட வேலைக்குப் பேர் போட வேறு ஆளில்லை. பேர் இல்லாவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் தோட்டத்துத் துரை. ஞாயிற்றுக்கிழமையாவது வருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அவள் காம்பராவைக் காப்பாற்றி வைத்திருந்தாள். கடை முதலாளி இந்திரஜித்தோ, கொழுந்துக் கைக்கு வெள்ளைத் துணி கிடையாது என்று கறாராகச் சொன்னவர்.

நிரஞ்சலா அக்கம்பக்கம் பார்த்தாள். துண்டைக் கத்திப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கொடுத்தாள். கறை, கழிவுத் துணியோடு சாக்கில் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. கறைபட்ட மற்றத் துண்டுகளையும் அப்படியே ஓடவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, தைத்து முடிந்த கவுன்களை அளந்துகொண்டிருந்த மேற்பார்வைக்காரி ஷாகிரா நிமிர்ந்தாள்.

"நிரஞ்சலா, இங்க வாங்க. இந்தக் கட்டு முழுக்க இடுப்புப் பிடிக்குதே. என்ன செஞ்சீங்க?"

"கறை பட்டுருச்சுக்கா. கத்தியில விட்டு எடுத்துட்டேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா மெசின்ல உக்கார விட்டுருப்பீங்களா?"

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார்.

"கையக் காட்டு. கொழுந்துக்குப் போனியா?"

"போகாட்டி காம்பரா போயிருங்க மொதலாளி. படுத்த படுக்கையா ஒரு ஆளு இருக்காங்க."

"அது தோட்டத்துப் பிரச்சின. என் துணிக்கு யாரு பதில் சொல்றது? இந்தக் கட்டத் தூக்கிக்க. இந்த மாசச் சம்பளம் இதுதான். இனிமே வரவேணாம்."

பஸ்ஸில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மகள் விதுஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. "புதுக் கவுனாம்மா? எல்லாம் எனக்கா?" என்று கட்டைப் பிரித்து, இருந்ததில் பெரியதை எடுத்து மாட்டினாள். தோள் நுழைந்தது. இடுப்பில் பித்தான் எட்டவில்லை.

"கழட்டு புள்ள, கிழிஞ்சிரும்."

"இரும்மா."

வயிற்றை முதுகோடு ஒட்டுகிற மாதிரி எக்கிக்கொண்டு பித்தானை மாட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. படுக்கையில் கிடந்த மாரியாயிக்கும் தெரியட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"பாத்தியாம்மா, சரியாத்தான் இருக்கு. பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் இப்பிடியே எக்கிக்கிட்டு இருந்துருவேன்."