கடிக்கிற பெட்டி

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். மாலைக் கச்சேரிக்குக் காரைக்குடியிலிருந்து நாகநாதனின் மெல்லிசைக் குழு வந்து இறங்கியது. பேஸ் கிடார் வாசிக்கும் அல்லாபிச்சைக்கு வாசற்படியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தாலி கட்டிய வளவுக்குள், வீட்டின் உள்முற்றத்துக்குள், செருப்போடு போக முடியுமா, நியாயம்தான். ஆனால் அவருக்கு அந்த ரப்பர் செருப்பு உயிர்க்காவல். குழுவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அவ்வப்போது கடிக்கும். தகரத்தில் விரல் பட்டால் சுருக்கென்று இழுக்கும். முந்தின வருஷம் ஒரு திருவிழாவில், டியூப்லைட் கட்டிய ஆள் ஈரத்தரையில் விழுந்து அப்படியே போய்விட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்றிலிருந்து செருப்பில்லாமல் கிடாரைத் தொட்டதில்லை.

அந்தப் பழைய வீட்டில் இரண்டு துளைப் பிளக்பாயின்ட்தான். அல்லாபிச்சை வழக்கம்போல இரண்டு ஒயர் முனைகளையும் சீவித் துளைக்குள் விட்டு, தீக்குச்சி செருகி இறுக்கினார். பெட்டியிலிருந்து பச்சையாக மூன்றாவது ஒயர் ஒன்றும் வரும், எர்த். அதற்கு ஏது துளை? மடக்கிக் கட்டிவிட்டார். ஊர் ஊராக இப்படித்தான் கச்சேரி நடந்தது. ஒருத்தரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

பெண்ணின் அண்ணன் பெத்தாச்சி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். அமெரிக்க பேஸ் கிடார் ஒன்றைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான். அல்லாபிச்சையினுடையது அதே கிடாரின் படத்தைப் பார்த்து மெட்ராஸ் பட்டறையில் செய்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். வாசித்தால்தான் வண்டவாளம். மெட்ராஸ் கிடாரின் கழுத்து மழைக்காலத்தில் வளையும். 'உம்'மென்ற இரைச்சல் ஓயவே ஓயாது. அமெரிக்கக் கிடாரும் சும்மா கிடக்கையில் இரைந்தது. கம்பியில் கை பட்டதும் கப்சிப். பிறகு சத்தம் அடிவயிற்றில் மெத்தென்று இறங்கியது.

“கம்பியையெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு ஒயரு போட்டுப் பெட்டியோட சேத்திருக்காக, பாய். அதான் கை வச்சா இரைச்சல் அடங்குது. உங்களதுல அந்த ஒயரையே போடாம ஏமாத்திப்புட்டாக” என்றான் பெத்தாச்சி.

குழுவே சிரித்தது. அல்லாபிச்சையும் சிரித்து வைத்தார். வாசித்துப் பாருங்கள் என்று அவன் நீட்டியதை ஆசையோடு வாங்கினார். நாலு சுரம் வாசிப்பதற்குள் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம் கிடாரில் ஒரு நாளும் இப்படி ஊர்ந்ததில்லை.

நாகநாதனைத் தனியே இழுத்து, அந்தக் கிடாரில் கரண்டு வருகிறது என்று சொன்னார். நாகநாதன் வாயை மூடச் சொல்லிவிட்டார். காலணா கிடாரைக் கேலி செய்த வயிற்றெரிச்சல் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள், அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அதுவும் உண்மைதானே என்று அல்லாபிச்சை அடங்கிப் போனார். அடங்கியது வாய்தான். நெஞ்சு அடங்கவில்லை.

சாயங்காலம் வளவைக் கழுவிவிட்டார்கள். கல்தளமெல்லாம் ஈரம் மின்னியது. அல்லாபிச்சை ஒரு மரப்பலகை கேட்டு வாங்கி, அதன்மேல் நின்று வாசித்தார். நாலைந்து பாட்டு ஆனதும் பெத்தாச்சி எழுந்தான். தங்கச்சிக்காக ஒரு பாட்டு, அவனே வாசித்து அவனே பாடப் போகிறான். அல்லாபிச்சையின் ஒயரைப் பிடுங்கித் தன் கிடாரில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து மைக்கை நோக்கிப் போனான்.

மைக் முழுக்க இரும்பு. மைக்செட்காரன் அதற்கு மட்டும் ஒழுங்காக மண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுத்திருந்தான். பெத்தாச்சியின் இடக்கை கம்பிகளை அழுத்தியிருந்தது. வலக்கை மைக்கைப் பிடிக்க உயர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாய்ந்து மண்ணுக்கு இறங்கும். அல்லாபிச்சைக்கு அந்த டியூப்லைட் ஆளின் விறைத்த விரல்கள் கண்முன் வந்தன. கத்தினார், மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சுவரோரம் பாய்ந்து, தீக்குச்சியோடு ஒயர்களைப் பிடுங்கி எறிந்தார்.

பாட்டு நின்றது. நாகநாதன் அவர் சட்டையைப் பிடித்தார். பெத்தாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னைய அடிக்கணும்னாலும் அடிங்க தம்பி. அந்த மைக்கத் தொடாதீக” என்றார் அல்லாபிச்சை.

மைக்செட்காரன் பெத்தாச்சியின் கிடாரை வாங்கிப் பலகைமேல் வைத்து, ஒயரை மறுபடி செருகி, டெஸ்டரைக் கம்பியில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. மெட்ராஸ் கிடாரை மாட்டி வைத்தான். எரியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் தகரத்தில் வைத்தான். முன்னைப்போலவே எரிந்தது. பெத்தாச்சி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கிடாரு மேல குத்தமில்ல பாய். பெட்டி பூரா கரண்டு. எர்த்தக் குடுக்காம விட்டிருக்கீக. ஒங்க கிடாருல அந்த ஒயரு இருந்திருந்தா நீங்க என்னைக்கோ போயிருப்பீக” என்றான் மைக்செட்காரன்.

யாரோ அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ காப்பி கொண்டுவந்து நீட்டினார்கள். அல்லாபிச்சைக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்தப் பெட்டி இருப்பது அவர் வீட்டில். தினமும் காலையில் கட்டிலோரம் வைத்துத்தான் சாதகம் செய்வார். மகள் அமீனா கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துக் கேட்பாள். கன்னம் கூசுது அத்தா என்று சிரிப்பாள். செருப்போடு வாசிக்கும் அவரை வீட்டில் அது கடித்ததேயில்லை; சத்தம் அதிர்வதைத்தான் சொல்கிறாள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உட்கார்ந்தால் அவள் கால் தரைக்கு எட்டாது, இத்தனை நாள் அவளைக் காத்தது அதுதான். போன வாரம்தான் அவர் மனைவி சுலைகா பெருமையாகச் சொல்லியிருந்தாள், பிள்ளை வளர்ந்துவிட்டாள், பெருவிரல் தரையைத் தொடப் பார்க்கிறது என்று.

அல்லாபிச்சை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மடக்கிக் கட்டிய பச்சை ஒயரைத் தேடி எடுத்து, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பல்லால் கடித்து இழுத்தார்.